மூன்று குளிர்காலத்து விறகும் மூன்று மாதத்து விறகும்

நியூசிலாந்தின் மத்திய ஒட்டாகோ பகுதியில், அலெக்சாண்ட்ரா என்னும் சிற்றூருக்கு அருகே குடியிருக்கும் என் தம்பி, அடுத்த மூன்று குளிர்காலங்களுக்கு வேண்டிய விறகை இப்போதே பிளந்து அடுக்கி வைத்திருக்கிறான். நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள புக்கிட் மெர்தாஜாமில், ஓர் அம்மன் கோயிலின் அன்னதானக் கூடத்துக்குரிய விறகுக் கொட்டகையைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். என் கொட்டகையில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விறகு இருக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவள். அவன் கணக்கில் நான் முன்யோசனை இல்லாதவள். என் கணக்கில் அவன் வீட்டைச் சுற்றி விறகால் மதில் எழுப்பியவன். தொலைபேசியில் இந்த வழக்கு ஓயாமல் நடந்துகொண்டிருப்பதால், விறகை எவ்வளவு காலம் முன்னதாகச் சேர்த்து வைக்கலாம் என்பதை ஒருமுறை முறையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. அதை முடிவு செய்வது சுறுசுறுப்போ சோம்பலோ அல்ல, அந்தந்த ஊரின் காற்றும் அந்தந்த மரத்தின் உள்ளிருப்பும்தான் என்பது என் கட்சி.

முதலில் அவன் ஊரைச் சொல்கிறேன். நியூசிலாந்திலேயே மழை மிகக் குறைந்த பகுதி மத்திய ஒட்டாகோ. அலெக்சாண்ட்ராவில் சராசரியாக ஆண்டுக்கு 400 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெய்கிறது. நம் பினாங்கில் அது 2,000 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே வறண்ட கோடை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை, இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய்விடும் குளிர்காலம். வீட்டின் நடுக்கூடத்தில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு விறகடுப்பு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து புகைபோக்கிக் குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. வீட்டுக்கு வெதுவெதுப்பு அதிலிருந்துதான். கேமரன் மலையின் பழைய பங்களாக்களில் இருக்கும் கணப்பைப் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு புரியும், ஆனால் அங்கே நாம் நெருப்பு மூட்டுவது பாதி அழகுக்காக. தம்பி வீட்டில் அடுப்பு அணைந்தால் விடிவதற்குள் ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் நீர் உறைந்து நிற்கும்.

அலெக்சாண்ட்ரா மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். காற்றசையாத குளிர்கால இரவுகளில் குளிர்ந்த காற்று கீழே தங்கி, அதன் மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் படிந்துவிட, வீடுகளிலிருந்து எழும் புகை வெளியேற வழியின்றி ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நாட்டில் 2005 செப்டம்பரிலிருந்து, இரண்டு ஹெக்டேருக்குக் குறைந்த மனைகளில் புதிதாகப் பொருத்தும் விறகடுப்பு, ஒரு கிலோ உலர்ந்த விறகு எரியும்போது 1.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியேற்றக் கூடாது, விறகின் வெப்பத்தில் குறைந்தது 65 விழுக்காட்டை வீட்டுக்குள் தர வேண்டும் என்ற நியதி நடப்பில் உள்ளது. கவனிக்க வேண்டியது, அந்தச் சோதனை உலர்ந்த விறகைக் கொண்டு செய்யப்படுவது. எத்தனை ஆயிரம் கொடுத்து நல்ல அடுப்பை வாங்கினாலும், ஈரக் கட்டையைத் திணித்தால் அந்த எண்கள் எல்லாம் தாளில் மட்டும்தான் இருக்கும். இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து, இரண்டு கன மீட்டருக்குக் குறைந்த அளவில் விற்கும் விறகின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விற்பவர்கள் மீதே பொறுப்பை ஏற்றிவிட்டார்கள். அது சரியான இடத்தில் வைத்த கடிவாளம் என்று நினைக்கிறேன்.

ஈரம் எதைக் கெடுக்கிறது என்பதைப் பலரும் பாதிதான் சொல்கிறார்கள். விறகிலுள்ள தண்ணீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் எல்லாம் போய்விடுகிறது என்பது வழக்கமான விளக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. முழுக்கக் காய்ந்த ஒரு கிலோ மரம் ஏறத்தாழ 18 மெகாஜூல் வெப்பம் தரும். பச்சையாக இருந்தபோது அதே மரத்தில் 600 கிராம் தண்ணீர் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க இரண்டரை மெகாஜூலுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தேவை. ஆகவே 600 கிராமுக்கு ஒன்றரை மெகாஜூல் அளவு. பதினெட்டில் ஒன்றரை போனால் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நட்டம். இதற்காக யாரும் மூன்று வருடம் காத்திருக்க மாட்டார்கள்.

உண்மையான நட்டம் புகையில் போகிறது. மரத்தைச் சூடாக்கினால் அதன் எடையில் பெரும்பங்கு ஆவியாகவும் வளியாகவும் பிரிந்து வெளியே வருகிறது. நாம் தீச்சுவாலை என்று பார்ப்பது அந்த வளி எரிவதைத்தான். அது சுத்தமாக எரிய அடுப்புக்குள் 600 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். கட்டையிலிருந்து நீராவி வந்துகொண்டிருக்கும் வரை அந்தச் சூடு ஏறாது. எரிய வேண்டிய வளி எரியாமல், மஞ்சள் கலந்த வெண்புகையாகக் குழாய்வழியே வெளியேறுகிறது. போகிற வழியில் குளிர்ந்த குழாயின் உட்சுவரில் தாராகப் படிகிறது. மாதக்கணக்கில் படிந்த அந்தத் தார் ஒருநாள் தானே பற்றிக்கொண்டால் குழாய்க்குள்ளேயே பெருந்தீ எழும். குளிர்நாடுகளில் வீடு எரிவதற்கு அது அறியப்பட்ட காரணங்களில் ஒன்று.

இந்தத் தாரை நான் வேறு ஒரு வடிவில் சிறுவயதிலேயே அறிவேன். என் தந்தை பினாங்கின் பெருநிலப் பகுதியான செபெராங் பிறையில் ரப்பர் தோட்டம் ஒன்றின் புகைக்கொட்டகையில் வேலை செய்தவர். பாலை ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்து வரிவரியான ரப்பர் சீட்டாக்கி, கம்புகளில் தொங்கவிட்டு, கீழே ரப்பர் கட்டையை மூட்டிப் பல நாள்கள் புகை காட்டுவார்கள். கொட்டகையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டவிட மாட்டார்கள். மீறினால் சீட்டில் கொப்புளம் வரும். அங்கே வேண்டியது கொழுந்துவிட்டு எரியும் தீ அல்ல, புகை. அதனால் அரைகுறையாகக் காய்ந்த கட்டையே அங்கே நல்ல கட்டை. புகையிலிருக்கும் அந்தத் தார்ப்பொருள்கள் சீட்டின் மேல் மெல்லப் படிந்து பூஞ்சணம் பிடிக்காமல் காத்தன. சீட்டு தேன் நிறத்துக்கு வந்தது. தம்பி தன் புகைபோக்கியிலிருந்து ஆண்டுதோறும் ஆள் வைத்துச் சுரண்டி எடுக்கும் பொருளைத்தான் எங்கள் அப்பா சம்பளம் வாங்கிக்கொண்டு சீட்டின் மேல் ஏற்றினார். தம்பியிடம் இதைச் சொன்னபோது, “அக்கா, அப்பா வேலையைக் கெடுக்கிறதுக்கே நான் நியூசிலாந்து வந்திருக்கேன் போல” என்றான்.

அவன் மூன்று வரிசை வைத்திருப்பதற்கு வருகிறேன். அங்கே பரவலாகக் கிடைப்பது ரேடியாட்டா பைன். அது மென்மரம். வசந்தத்தில் பிளந்து அடுக்கினால் ஒரு கோடையிலேயே எரிக்கும் பதத்துக்கு வந்துவிடும். ஆனால் பைன் சீக்கிரம் பற்றிச் சீக்கிரம் தீரும் மரம்; இரவு முழுதும் கணப்பு நிற்க வேண்டுமானால் யூக்கலிப்டஸ் போன்ற கனமான கட்டை வேண்டும், அதற்கு ஒரு கோடை போதாது, பெரும்பாலும் இரண்டு வேண்டும். நடுவில் வரும் குளிர்காலத்தில் காற்றில் உலர்த்தும் வலு இல்லாததால் உலர்வது ஏறக்குறைய நின்றே போகும். யூக்கலிப்டஸைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்தபின் கோடரி எகிறும். ஆக, இந்தக் குளிருக்கு எரிப்பது ஒரு வரிசை, ஒரு கோடையைப் பார்த்துவிட்டு இன்னொன்றுக்குக் காத்திருப்பது அடுத்த வரிசை, புதிதாகப் பிளந்தது கடைசி வரிசை என்ற ஏற்பாடு ஆடம்பரமில்லை, மரம் கேட்பது. இதோடு சந்தைக் கணக்கும் உண்டு: குளிர் தொடங்கும் வேளையில் எல்லாரும் விறகுக்கு ஓடுவார்கள், அப்போது காய்ந்தது என்று சொல்லி விற்கப்படுவது எல்லாம் காய்ந்ததாக இருக்காது. வசந்தத்தில் பச்சை விறகைக் குறைந்த விலைக்கு வாங்கிப் போட்டவனுக்கு அந்தக் கவலை இல்லை. முதுகு பிடித்து ஒரு வருடம் கோடரி தூக்க முடியாமல் போனாலும் அவன் வீடு குளிராது. அங்கே விறகைக் கன மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். வண்டியில் கொட்டியபடி அளந்த ஒரு கன மீட்டரை ஒழுங்காக அடுக்கினால் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதை மட்டும் வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டும்.

மரம் காய்வதன் நுட்பம் இரண்டு ஊருக்கும் பொது. பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. நுண்ணறைகளின் உட்குழிவில் நிற்கும் தண்ணீர் எளிதில் வெளியேறிவிடும். அறைச் சுவர்களுக்குள்ளேயே ஊறியிருக்கும் தண்ணீர் பிடிவாதமானது. முதல் வகை தீர்ந்து, மரத்தின் உலர் எடையில் 30 விழுக்காட்டளவு ஈரம் மட்டும் மிஞ்சிய பிறகே மரம் சுருங்கத் தொடங்குகிறது. கட்டையின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வெடிப்பு ஓடுவது அப்போதுதான். எனவே வெடிப்பு தெரிந்தால் பாதி வழி வந்திருக்கிறோம் என்று பொருள், ஊர் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அல்ல. வெட்டு முகத்தின் வழியே தண்ணீர் வெளியேறும் வேகம், பக்கவாட்டில் வெளியேறும் வேகத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். உயிரோடு இருந்தபோது நீர் மேலேறிய குழாய்கள் அந்தத் திசையில்தானே ஓடுகின்றன. அதனால் நீளக் கட்டையாகப் போட்டுவிட்டு வெயிலை நம்பியிருப்பதைவிடத் துண்டு துண்டாக அறுத்துப் போடுவது எவ்வளவோ மேல். பட்டை நீரை உள்ளேயே பிடித்து வைக்கும், அதனால் அறுத்த துண்டை ஒருமுறையாவது பிளந்தாக வேண்டும். கைப்பருமனுள்ள சின்னக் கிளைகூட முழுசாகக் கிடந்தால் நெடுநாள் பச்சை மணத்தோடேயே இருக்கும்.

அடுக்குவதில் பலர் செய்யும் தவறு தார்ப்பாயை இழுத்துத் தரைவரை மூடுவது. மழை மேலே நனைப்பதைவிட, உள்ளிருந்து கிளம்பிய ஆவி வெளியேற வழியில்லாமல் பாயின் உட்புறத்தில் துளித்து மீண்டும் கட்டையிலேயே சொட்டுவது மோசமானது. மேலே கூரை, பக்கங்கள் திறப்பு, அடியில் காற்று போக இடம், வரிசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் சந்து. விறகுக்கு இதற்கு மேல் வசதி தேவையில்லை. எங்கள் கொட்டகையில் அடியில் செங்கல், செங்கல் மேல் பழைய பேலட், அதன் மேல் விறகு. செங்கலும் பேலட்டும் காற்றுக்காக மட்டுமல்ல, கறையான் ஏறினால் அதன் மண் சுரங்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவும்தான். பூரானும் தேளும் இருக்கும் என்பதை எப்போதும் எதிர்பார்த்தே கை வைக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் யாரும் கட்டையைக் கம்பால் தட்டாமல் எடுக்க மாட்டார்கள்.

இனி எங்கள் கதை. பினாங்கில் பிற்பகல் வெயிலில் காற்று ஓரளவு வறண்டாலும் இரவெல்லாம் ஈரம் ததும்பி நிற்கும். ஆண்டு முழுவதும் சராசரியாகப் பார்த்தால் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். மரம் தன்னைச் சூழ்ந்த காற்றோடு ஒரு சமநிலைக்கு வரும் வரைதான் காயும். நம் நாட்டில் கூரையின் கீழ் வைத்த மரம், உலர் எடையில் 15, 16 விழுக்காட்டளவு ஈரத்தில் வந்து நின்றுவிடும். அதற்குமேல் அதை ஒரு வருடம் வைத்தாலும் பத்து வருடம் வைத்தாலும் ஒன்றுதான். அடுப்புக்கு அந்த அளவு தாராளமாகப் போதும். கைப்பருமனில் பிளந்த ரப்பர் கட்டை, மழை படாத கொட்டகையில் மூன்று மாதத்தில் அந்தப் பதத்தை நெருங்கிவிடுகிறது. நான்காம் மாதத்திலிருந்து காலம் நமக்குச் செய்யும் உதவி முடிந்தது.

அங்கிருந்து அது எதிர்க்கட்சியில் சேர்ந்துவிடுகிறது. ரப்பர் மரத்தில் வயிரம் என்று, கெட்டியான நடுமரமாகத் தனியாக ஒன்று கிடையாது. நடுவிலிருந்து ஓரம்வரை வெளிர் மரமே. அதில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணம் உள்ளே ஓடிக் கட்டையை நீலச்சாம்பலாக்கிவிடும். நாற்காலி மேசை செய்கிறவர்களுக்கு அது தலைவலி. நமக்கு எரிப்பதில் பெரிய பேதமில்லை. தொல்லை அடுத்து வரும் உளுவண்டில்தான். ஈரம் குறையக் குறைய, நாம் சந்தோஷப்படும் அதே பதத்தில், அது மாவுச்சத்தைத் தேடி முட்டையிடுகிறது. மரச்சாமான் செய்கிறவர்கள் அறுத்த கையோடு பலகைக்குப் போரான் உப்பு ஏற்றுவது இதற்காகத்தான். விறகுக்கு யார் உப்பு ஏற்றுவார்கள்?

பழைய வரிசையின் அடிக்கட்டை ஒன்றை எடுத்துச் சிமெண்டுத் தரையில் இலேசாகத் தட்டிப் பாருங்கள். மேற்பரப்பில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள் சிலவே தெரியும். ஆனால் தட்டியதும் ஒவ்வோர் ஓட்டையிலிருந்தும் முகப்பவுடரைப் போல மிக நைசான வெளிர் மஞ்சள் தூள் உதிர்ந்து, தரையில் சிறு கூம்பாகக் குவியும். விரலில் தேய்த்தால் மணலாக நெருடாது, வழுக்கும். கட்டையைக் கையில் ஏந்தினால் கண்ணுக்குத் தெரியும் பருமனுக்கும் கையில் விழும் கனத்துக்கும் ஒத்துவராது. முழங்காலில் வைத்து ஒடித்தால் ஓசையில்லாமல் ஒடியும், உள்ளே சல்லடை. நம் வெப்பத்தில் அந்த வண்டு சில மாதங்களிலேயே ஒரு தலைமுறையை முடித்து அடுத்ததைத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட கட்டை அடுப்பில் தாள்போல் பற்றி எரிந்து தணலே விடாமல் சாம்பலாகிப் போகும். பெரிய அண்டாவில் அரிசி பாதி வெந்திருக்கும்போது தீ இறங்கிப்போனால் சமையல்காரர் பேசும் பேச்சை இங்கே எழுத முடியாது. தம்பி ஊரின் வறட்சியும் குளிரும் இந்தப் பூச்சிகளை அடக்கி வைக்கின்றன. அதனால் அவன் கட்டை பல ஆண்டுகள் கூரையின் கீழ் அப்படியே நிற்கும்.

ஆண்டுக்கணக்கில் எரிபொருளைச் சேமித்து வைக்க வேண்டும் என்றால் இந்தத் தட்பவெப்பத்துக்கு ஏற்ற வழி விறகல்ல, கரி. பேராக்கில் தைப்பிங்குக்கு அருகிலுள்ள கோலா செப்பெத்தாங்கில் கரிச்சூளைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் பாக்காவ் மரங்களை முப்பது ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, பட்டையை உரித்து, செங்கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய கூண்டுச் சூளைக்குள் கட்டைகளை நிற்க வைத்து, ஏறத்தாழ ஒரு மாதம் காற்றை அடக்கிச் சுடுகிறார்கள். வெளியே வருவதில் மாவுச்சத்தும் இல்லை, பூச்சிக்கு வேண்டிய எதுவும் இல்லை. மழை பட்டால் நனையும், வெயில் பட்டால் காயும், அவ்வளவுதான். கொட்டகையின் மூலையில் எப்போதும் சில மூட்டைக் கரி வைத்திருக்கிறேன், அதற்கு நாள் கணக்கே பார்ப்பதில்லை. ஆனால் கரியை மட்டும் வைத்து அன்னதானம் செய்ய முடியாது, விலை கட்டாது. கொதி வருவதற்குச் சுவாலை வேண்டும், சுவாலைக்கு விறகுதான்.

ஆகவே எங்கள் விறகுக் கணக்கு ஆண்டுகளில் இல்லை, திருவிழாக்களில் இருக்கிறது. இங்கே பெருமழை செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. ஜனவரியும் பிப்ரவரியும் ஒப்புநோக்கில் வறண்டவை. பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் வேண்டிய விறகு ஆவணிக்குள் வந்து இறங்கிப் பிளந்து கூரைக்கடியில் போய்விட வேண்டும். புரட்டாசி மழையில் லோரி கொண்டுவரும் கட்டையைக் கார்த்திகைக்குள் காய வைப்பேன் என்பது வீண் ஆசை. தைப்பூசத்தின்போது பினாங்கின் முருகன் கோயிலான தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் பந்தல்களில் பெரிய அண்டாக்கள் ஏறும் என்பதால் அந்தப் பருவத்தில் நல்ல விறகுக்குக் கிராக்கி கூடிவிடும், கடைசி வாரத்தில் எவரும் காய்ந்த கட்டையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தை, மாசியில் வரும் லோரி வறண்ட காற்றில் வேகமாகக் காய்ந்து, ஆடிக் கூழுக்குத் தயாராகிவிடும். ஆடிக் காற்றில் அம்மி பறப்பது தமிழகத்துச் சங்கதி. இங்கே ஆடியில் அதிகாலைப் பேய்மழை ஒன்று தகரக் கூரையைத் தூக்கப் பார்க்குமே தவிர, விறகை உலர்த்தும் காற்று என்று எதுவும் வராது.

லோரியில் வருவது பெரும்பாலும் ரப்பர் கட்டை. பால் வற்றிய மரங்களை இருபத்தைந்து, முப்பது வயதில் தோட்டங்கள் வெட்டி மறுநடவு செய்யும்போது அடிமரம் பலகை ஆலைக்குப் போகும். கிளைகளும் கோணல்களும் விறகாகும். முன்பு செபெராங் பிறையில் இதற்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1960களிலிருந்து தோட்டம் தோட்டமாக ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. செம்பனையின் தண்டு மரம்போல் நின்றாலும் மரமல்ல, எடையில் பெரும்பகுதி தண்ணீர். அதை விறகாக்க நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த உழைப்பை வேறு எதற்காவது செலவிடுங்கள். இப்போது நான் அதிகம் தேடுவது கம்பம் என்று இங்கே சொல்லும் கிராமங்களின் பழமரங்களைத்தான். வயதான ரம்புத்தானை யாராவது வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் மறுநாளே ஆளை அனுப்பிவிடுவேன். கனமான மரம், காய மெதுவாகக் காயும், ஆனால் அண்டாவுக்கடியில் தணல் பிடித்து நிற்பதில் ரப்பர் அதன் பக்கத்தில்கூட வராது. ரப்பரால் கொதி ஏற்றி, ரம்புத்தானால் தம் பிடிக்க வைப்பதுதான் எங்கள் சமையல்காரரின் முறை. இலவசமாகக் கிடைக்கிறது என்று கட்டடம் இடித்த இடத்துப் பலகைகளைக் கொண்டுவந்து இறக்குகிறவர்களும் உண்டு. சாயம் பூசியது, பச்சை நிறம் ஏறிய மருந்து மரம் எதையும் நான் உள்ளே விடுவதில்லை. அந்த மருந்துகளில் ஆர்செனிக் சேர்ந்தவையும் உண்டு, அதன் புகையும் சாம்பலும் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

காய்ந்ததா என்று பார்ப்பதில் மட்டும் தம்பியின் கருவியைவிட என் தராசை நம்புகிறேன். அவன் இரண்டு முள் வைத்த ஈரமானி ஒன்றை வைத்திருக்கிறான். அது மின்சாரத்தை மரம் எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கொண்டு ஈரத்தைக் கணக்கிடுவது. வெளி முகத்தில் குத்தினால் காய்ந்த தோலைத்தான் காட்டும். கட்டையைப் பிளந்து புதிய முகத்தின் நடுவில் குத்த வேண்டும். மேலும் அந்த மானி காட்டுவது பொதுவாக உலர் எடையை வைத்துச் சொல்லும் விழுக்காடு. விறகு விற்பவர்கள் சொல்வது மொத்த எடையை வைத்தாக இருக்கலாம். முழுக்கக் காய்ந்தால் ஒரு கிலோ நிற்கும் மரத்தில் 250 கிராம் தண்ணீர் சேர்ந்திருந்தால் முதல் கணக்கில் அது 25, இரண்டாம் கணக்கில் 20. இது தெரியாமல் அண்ணன் தம்பிகளே சண்டை போட்டுக்கொள்ளலாம். என் முறை மிக எளிது: புது லோரி வந்ததும் நடுத்தரமான நாலைந்து துண்டுகளை எடுத்து, எடை போட்டு, அவற்றின் மீதே சுண்ணாம்புக் கட்டியால் எடையை எழுதி வரிசையின் நடுவில் செருகிவிடுவேன். மாதம் ஒருமுறை உருவி எடுத்து மறுபடி நிறுத்தால் முதலில் மளமளவென்று குறையும், பிறகு மெதுவாகும், ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நின்றால் காய்ந்தது. அதற்குப் பிறகும் எடை குறைந்துகொண்டே போனால் அது தண்ணீர் போவதல்ல, வண்டு தின்பது. தம்பியின் மானி இதைச் சொல்லாது.

பழைய வரிசை அடிவரை தீராமல் புது லோரியை உள்ளே விடுவதில்லை என்பது இதனால் வந்த கட்டுப்பாடு. உளுவண்டு பழைய கட்டையிலிருந்து புதிய கட்டைக்கு நடந்தே போய்விடும். ஆண்டுக்கு இருமுறை, ஆடிக்கு முன்பும் ஐப்பசியிலும், பேலட்டைத் தூக்கிச் செங்கலை நகர்த்தித் தூளையெல்லாம் கூட்டி அள்ளி அடுப்பிலேயே போட்டுவிடுகிறோம். அடியில் மிஞ்சிய உளுத்த துண்டுகள் அன்றைக்குப் பாத்திரம் கழுவும் வெந்நீருக்குப் போகும். லோரிக்காரரிடம் வரும் திங்கட்கிழமைக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் தெற்குப் பக்க வரிசையில் இடுப்பளவு விறகு இன்னும் பாக்கி இருப்பதால், வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு எரிவாயு அடுப்பைத் தொட வேண்டாம் என்று சமையல்காரரிடம் சொல்ல வேண்டும்.